தறிக்கு ஒரு ஓட்டு

“உங்க ரோமாபுரியில ஏழைங்க எப்பமா ஓட்டு போடுவாங்க?”

அப்பா என்னிடம்தான் கேட்டார். சாப்பிட்ட கை தட்டிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அதுவரை அவர் என்னைக் கேட்டதெல்லாம் தறிக்குத் தார் நூல் சுற்றியாகிவிட்டதா, அம்மா எங்கே, செம்பில் தண்ணீர் இருக்கிறதா என்பதுதான். பதிலைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன.

ரோமாபுரி எங்கள் வீட்டுக்குள் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் ரோமாபுரிப் பாடம் தொடங்கிய வாரம் நான் பெரியவளானேன். சடங்கு முடிந்ததும் அப்பா “படிச்சது போதும்” என்றார். அந்த ஊர்க்காரர்கள் ராஜாவைத் துரத்திவிட்டு, வருஷத்துக்கு இரண்டு தலைவர்களைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள் என்பது வரைதான் எனக்கு வகுப்பில் கிடைத்தது. மீதியை அண்ணன் வேணுகோபாலிடமிருந்து பிடுங்கினேன். அவன் கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்வான். பேண்ட்டுக்கும் சேர்த்துப் போட்டால் புத்தகத்தைத் திறந்து படித்தே காட்டுவான்.

அந்த வருஷம்தான் தேர்தல் முடிந்து ஆட்சி மாறியிருந்தது. தெருச் சுவர்களில் உதயசூரியனும் இரட்டைக் காளையும் மழையில் கரைந்துகொண்டிருந்தன. பொடிப் பிள்ளைகள்கூடத் தகர டப்பாவை வாயில் வைத்துக்கொண்டு ஓட்டுக் கேட்டன. மத்தியான நேரங்களில் நானும் அம்சவேணியும் அடுத்த வீட்டு ரேணுகாம்பாளும் எங்கள் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய குறுக்கு இழையைச் சின்னக் குச்சிகளில் ஏற்றி ராட்டையில் தார் சுற்றுவோம். பெரியவர்கள் முன்னால் எனக்கு வாயே திறக்காது. அந்தப் பின்கட்டில் மட்டும் பேசுவேன். கூடை நிறைந்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் ஒருநாள் ரோமாபுரித் தேர்தலை ஆட்டமாக்கினேன்.

தரையில் சாக்குக் கட்டியால் கட்டம் போட்டேன். உருட்டத் தாயக்கட்டை, ஓட்டுக்குப் புளியங்கொட்டை. ரோமாபுரியில் தேர்தலுக்கு நிற்கிறவர்கள் வெள்ளைவெளேரென்று உடுத்த வேண்டும், துணி பளிச்சென்று தெரிய சுண்ணாம்புத் தூள்கூடத் தேய்த்துக்கொள்வார்கள் என்று சொன்னேன். ரேணு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“வெள்ளைப் பொடவையா? எங்கம்மா பாத்தா கொன்னே போட்டுடும்டி. எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல. அதுக்குள்ள எவனை சாவடிக்கிற?”

அதனால், நிற்கிறவள் முழங்கையில் கொஞ்சம் கோலமாவு பூசிக்கொண்டால் போதும் என்று மாற்றினேன். இப்படி நிறைய மாற்ற வேண்டியிருந்தது. ஓட்டுப் போடும்போது கெட்ட சகுனம் கண்டதாக ஒருவர் அறிவித்துவிட்டால் அன்றைய தேர்தலையே கலைத்துவிடுவார்கள் என்று அண்ணன் படித்துக் காட்டியிருந்தான். அங்கே பறவையையும் மின்னலையும் பார்த்தார்கள். எங்கள் பின்கட்டில் பல்லிதான் இருந்தது. தங்கப் பல்லியைத் தொட எங்கெங்கிருந்தோ எங்கள் ஊர் வரதர் கோயிலுக்கு வருகிறார்கள், எங்களுக்கு அது போதாதா? பல்லி சத்தம் கேட்டதும் யார் முதலில் தரையைத் தட்டி “பல்லி” என்கிறாளோ அவள் தேர்தலைக் கலைக்கலாம். இதில் ரேணு கெட்டிக்காரி. தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் நாக்கை மடித்து அவளே பல்லி மாதிரி சத்தம் போடுவாள்.

அம்சாவுக்குப் பிடித்தது டிரிபியூன்.

“டிரிபியூனா டிபனா?” என்றாள் ரேணு.

“ஏழைங்களுக்குன்னு இருக்கிற ஆளுடி. பெரியவங்க எந்த சட்டம் கொண்டாந்தாலும் அவர் எழுந்து ‘தடுக்கிறேன்’னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அப்படியே நின்னுடும்.”

அம்சா ராட்டையை நிறுத்திவிட்டாள். “ஒரே வார்த்தையா? அடிக்க மாட்டாங்களா?”

“அவர் மேல யாரும் கை வைக்கக் கூடாது. சாமி குத்தம்.”

அம்சா எங்கள் வீட்டில் கூலிக்கு நெய்கிற தணிகாசலம் மாமாவின் மகள். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வைத்துக் கோர்வை நெய்யும்போது தறிக்கு இரண்டு பேர் வேண்டும். மாமா நடுவில் உட்கார்ந்து நெய்வார். ஓரத்தில் உட்கார்ந்து, குறுக்கு இழையைக் கொண்டுபோகிற நாடாவைக் கரைக்குத் தள்ளுகிறவள் அம்சா. ஒருவர் கை நின்றால் மற்றவர் கையும் நிற்க வேண்டும். இழை அறுந்தால் அவள் “நாடா நிக்கட்டும்” என்பாள். மாமாவின் கை அந்த நொடியே நின்றுவிடும். வேறு எதற்கும் யாரும் அவள் பேச்சைக் கேட்டு நின்றதில்லை. அதனால் எங்கள் ஆட்டத்தில் டிரிபியூன் சொல்ல வேண்டிய வார்த்தையும் “நாடா நிக்கட்டும்” என்றே ஆகிவிட்டது.

ஒருநாள் தாயக்கட்டை உருட்டியதில் ரோமாபுரியின் எதிரிகளான கார்த்தேஜ்காரர்கள் யானைப் படையோடு வந்துவிட்டார்கள். தலைவியாக இருந்த ரேணு எல்லாரும் சண்டைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டாள்.

“நாடா நிக்கட்டும்!” என்று அம்சா எழுந்து நின்றாள். “எங்க ஆளுங்க வரமாட்டாங்க.”

“அப்போ யானை வந்து மிதிக்கட்டும்.”

“மிதிக்கட்டுமே. உன் சொத்தைத்தான் மொதல்ல மிதிக்கும். எங்கிட்ட மிதிக்கிறதுக்கு இன்னா இருக்குது?”

எங்களுக்குச் சிரித்துச் சிரித்துத் தார்க் கூடை சாய்ந்துவிட்டது. உள்ளேயிருந்து அம்மா “யாருடி அங்க யானை?” என்று கேட்டாள்.

ஓட்டு எண்ணுகிற முறைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ரோமாபுரியில் தலைவர் தேர்தலில் ஆளுக்கு ஒரு ஓட்டு என்று எண்ணவில்லை. சொத்தைப் பார்த்து மக்களைக் கூட்டங்களாகப் பிரித்து, கூட்டத்துக்கு ஒரு ஓட்டு என்று எண்ணினார்கள். சொத்துள்ள கொஞ்சம் பேருக்கு நிறையக் கூட்டங்கள். ஒன்றுமில்லாத ஆயிரக்கணக்கான பேரை ஒரே கூட்டத்தில் அடைத்துவிட்டார்கள். பணக்காரர்களை முதலில் கூப்பிடுவார்கள். பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். கடைசிக் கூட்டம் வெயிலில் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போகும். இதை நிலம், குதிரை என்று விளக்கினால் ரேணுவுக்கு ஏறாது. எங்கள் தெருவில் சொத்து என்றால் தறி. ஆகவே தறிக்கு ஒரு புளியங்கொட்டை என்று வைத்தேன்.

“அப்போ எனக்கு ஒண்ணு குடு,” என்று அம்சா கையை நீட்டினாள்.

“உனக்கு ஏதுடி தறி?”

“உங்க கூடத்துல ஜன்னலோரமா இருக்குதே, அது இன்னா? எங்க நைனா தறி.”

“அது எங்க தறிடி.”

“உங்கப்பாவே சொல்றாரே, ‘தணிகாசலம் தறியில பாவு முடியப் போவுது’ன்னு.”

அவள் சொன்னது சரிதான். எங்கள் தெருவில் கூலிக்கு நெய்கிறவர்கள் எல்லாரும் தாங்கள் உட்காருகிற தறியை “என் தறி” என்றுதான் சொல்வார்கள். சொந்தக்காரர்களும் அப்படியே சொல்வார்கள். அதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. வருவதற்குக் காரணமும் இருந்ததில்லை.

“உக்கார்றவங்க தறி இல்ல அம்சா. வச்சிருக்கிறவங்க தறி,” என்றேன். விதியை விளக்குகிற மிடுக்கு என் குரலில் இருந்தது. எனக்கே கேட்டது.

அம்சா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு கீழே கிடந்த ஒரு கொட்டையை எடுத்துக் கடைசிக் கட்டத்தில், ஒன்றுமில்லாதவர்கள் எல்லாருக்கும் பொதுவான கட்டத்தில், வைத்தாள்.

“சரி. எங்க முறை வர்றப்போ கூப்பிடு.”

“உங்க முறை வர்றதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சுடும்,” என்று ரேணு சிரித்தாள். அப்படித்தான் ஆயிற்று. அன்றும், அதற்குப் பிறகும்.

அந்தச் சமயத்தில்தான் பெரியவர்களுக்கும் ஒரு தேர்தல் வந்தது. எங்கள் தெருவில் நெசவாளர்கள் தங்களுக்குள் வைத்திருந்த சின்னச் சங்கம் ஒன்று உண்டு. வருஷா வருஷம் பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நாலு பேர் கூடி “நீயே இருந்துடு சபாபதி” என்பார்கள். அப்பா “எனக்கு எதுக்குப்பா” என்று சொல்லிவிட்டுத் தலைவராக இருப்பார். அந்த வருஷம் சர்க்காரிலிருந்து தெருவுக்குப் புதுத் தறிகள் கொஞ்சம் வரப்போவதாகச் சேதி வந்தது. யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று தலைவர்தான் எழுதி அனுப்ப வேண்டும். இடமும் வசதியும் உள்ளவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார் அப்பா. தறியே இல்லாதவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார் தணிகாசலம் மாமா. அதை எங்கள் கூடத்தில், எங்கள் தறிக்குழியில் கால்களை விட்டு உட்கார்ந்தபடியே சொன்னார்.

“மொதலாளி, தப்பா நெனச்சுக்காதீங்க. இந்தத் தபா தலைவருக்கு நானும் நிக்கிறேன்.”

“எதுக்குய்யா நிக்கிற? உக்காந்து நெய்யி,” என்றார் அப்பா.

இருவரும் சிரித்தார்கள். அப்பாவின் சிரிப்பு முதலில் நின்றது.

அம்சாவுக்கு அந்த வாரம் முழுக்க வேறு பேச்சே இல்லை. “நைனா தறிக்கு எடம் அளந்து வச்சுட்டாருடி. அடுப்பைக் கொண்டுபோய் வெளிய போட்டுட்டா எடம் இருக்குது. மழை வந்தா எங்க சோறாக்கறதுன்னு அம்மா சண்டை போட்டுக்கினு இருக்குது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அது எங்க வூட்டுல இருக்கிற தறி. உன் சட்டப்படியே எங்க தறிதானே?”

“ஆமா.”

“அப்போ எனக்கு ஒரு கொட்டை தரணும். தனியா. அந்தக் கடைசிக் கட்டத்துல இல்ல.”

“தரேன்டி.”

தெருவில் கூலிக்கு நெய்கிறவர்கள்தான் அதிகம். கையைத் தூக்கச் சொல்லி ஆளை எண்ணினால் மாமாதான் ஜெயிப்பார். அப்பாவுக்கும் அது தெரிந்திருந்தது. நாலைந்து நாளாகச் சாப்பாட்டின் நடுவே கை நின்றுபோய் உட்கார்ந்திருப்பார். அப்படி ஒருநாள் அவர் உட்கார்ந்திருந்தபோதுதான் அண்ணன் வேடிக்கையாகச் சொன்னான்.

“அப்பா, நீங்க பழைய ரோமாபுரியில நின்னிருக்கணும். அங்க உங்களை யாரும் அசைச்சிருக்க முடியாது. சந்தேகம்னா லோகாவைக் கேளுங்க. பின்கட்டுல தெனமும் எலெக்‌ஷன் நடத்திக்கினு இருக்கா.”

அப்போதுதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அவங்க முறை வரவே வராதுப்பா,” என்றேன்.

“ஏன் வராது?”

நான் எழுந்து போய்ப் புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்தேன். அவர் தட்டுக்குப் பக்கத்தில் தரையிலேயே பரப்பிக் காட்டினேன். அம்மா “எச்சக் கையோட உக்காந்திருக்கிற மனுஷன்கிட்ட இன்னாடி ஆட்டம்?” என்றாள்.

“சும்மா இரு காமாட்சி,” என்றார் அப்பா. குனிந்து பார்த்தார். “இதை நீ எப்படிப் பிரிச்ச?”

“தறிக்கு ஒரு ஓட்டுன்னு வச்சேன்ப்பா.”

“யாரு தறின்னு தகராறு வரல?”

“வந்துச்சு. அம்சா அவ நைனா தறின்னு ஒண்ணைக் கேட்டா. உக்கார்றவங்க தறி இல்ல, வச்சிருக்கிறவங்க தறின்னு சொல்லிட்டேன்.”

அப்பா ஒரு கொட்டையை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார். “நீ சொல்றதுக்கு முன்னாடி அவ இன்னா நெனச்சுக்கினு இருந்தா?”

“அவளுக்கும் ஒரு ஓட்டு இருக்குதுன்னு.”

அப்பா கையைக் கழுவிக்கொண்டு வந்து என் தலைமேல் வைத்தார். ஈரம் உச்சியில் இறங்கியது. “கெட்டிக்காரிதான். அநியாயமா உன் படிப்பை நிறுத்திட்டேன்,” என்றார்.

மறுநாள் முழுக்க அந்த வாக்கியத்தையும் சேர்த்தே ராட்டையில் சுற்றினேன். அவர் எதற்காகக் கேட்டார் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

தறிக்கு ஓய்வு விடுகிற அமாவாசையன்று கூட்டம். ஆண்கள் மண்டபத்துக்குள் உட்கார்ந்தார்கள். பெண்கள் பக்கத்துப் படிகளில் நின்றோம். அம்சா என் பக்கத்தில் வந்து இடித்துக்கொண்டு நின்றாள். மாமா துவைத்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

“முழங்கையைப் பாருடி,” என்று அம்சா என் காதில் சொன்னாள். “காலையில தூக்கத்துல இருக்கும்போதே கோலமாவு தடவிட்டேன். அவருக்குத் தெரியாது.”

மடித்துவிட்ட சட்டைக் கைக்குக் கீழே மாவு தெரிந்தது. நான் சிரித்தேன். அன்று நான் சிரித்தது அது ஒன்றுதான்.

தெருவில் மூத்தவரான ராமலிங்கம் தாத்தா தொண்டையைச் செருமினார். “ரெண்டு பேரு நிக்கிறாங்க. கையைத் தூக்கிடலாமா?”

“பெரியவரே, ஒரு வார்த்தை,” என்று அப்பா எழுந்தார். “ஆளை எண்ணினா, சங்கத்துல இருக்கிறவன் இல்லாதவன்னு சண்டை வரும். இது தறிக்காரங்க சங்கம். தறிக்கு ஒரு ஓட்டுன்னு வச்சுக்கலாம். ஓடுற தறி எதையும் விட வேணாம். ஒவ்வொரு தறிக்கும் ஒண்ணு.”

பின்கட்டில் நான் சொன்ன விதி அது.

“கூலித் தறிக்குமா?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“எல்லாத் தறிக்கும்தான்.”

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. அவர்கள் முகங்களில் கணக்கு ஓடுவது தெரிந்தது. ஒவ்வொரு தறியிலும் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தானே? தணிகாசலம் மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

“மொதலாளி, யோசிச்சுத்தான் சொல்றீங்களா? நீங்க தறியில உக்காந்தே வருஷக்கணக்கா ஆவுதே. அப்புறம் உங்களுக்கே ஓட்டு இல்லாம பூடும்!”

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். “இல்லாம போனா போவுதுப்பா. நியாயம்னா எல்லாருக்கும் நியாயம்தான். சம்மதமா, சொல்லு.”

“சம்மதம்!” என்று மாமா கையைத் தூக்கினார். “என் தறிக்கு ஒண்ணு!” “என் தறிக்கும்!” என்று குரல்கள் எழுந்தன.

அப்போது மேலே கல் உத்திரத்தில் பல்லி சொன்னது. எல்லாருக்கும் கேட்டது. ராமலிங்கம் தாத்தா விரலால் கல்தரையைத் தட்டினார். “பல்லியே ஆமாம்னு சொல்லிடுச்சு. அப்புறம் இன்னா?”

அம்சா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அங்கே இருந்த அத்தனை பேரிலும் ‘என் தறி’ என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு என்று தெரிந்தவர்கள் அப்பாவைத் தவிர பின்கட்டில் ஆடிய நாங்கள் மூன்று பேரும்தான்.

“லோகா, பல்லி,” என்றாள். “நீ சொல்லுடி. நிறுத்தச் சொல்லு.”

நான் காலடிப் படியைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அவளே கத்தினாள். “நாடா நிக்கட்டும்!”

மாமாவின் தூக்கிய கை அப்படியே நின்றது. அது பழக்கம். ஒரு நொடி மண்டபமும் நின்றது. பிறகு யாரோ, “அமாவாசைமா இன்னிக்கு! எந்த நாடா ஓடிக்கினு இருக்குது?” என்றார்கள். கொல்லென்று சிரிப்பு கிளம்பியது. படியில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். ரேணு என்னைப் பார்த்தாள், பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

“சிரிக்காதீங்க! தறின்னா யாரு தறின்னு கேளு நைனா,” என்றாள் அம்சா. “லோகாவுக்குத் தெரியும். அவளைக் கேளு. லோகா, சொல்லுடி.”

அத்தனை முகங்களும் என் பக்கம் திரும்பின. என் வாழ்க்கையில் அவ்வளவு பேர் என்னைப் பார்த்ததில்லை. மாமா கழுத்தை நீட்டி, “இன்னாமா லோகா?” என்று கேட்டார். அவர் குரலில் பொறுமை இருந்தது. நான் சொன்னால் நம்பியிருப்பார். அப்பாவைப் பார்த்தேன். அவர் முறைக்கவில்லை. தலையில் கை வைத்த அன்று பார்த்த அதே பார்வை. அதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

“ஒண்ணுமில்ல மாமா,” என்றேன்.

அம்சா என் மணிக்கட்டை விட்டாள்.

ராமலிங்கம் தாத்தா எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கினார். “சபாபதி வூடு, ஜன்னலோரத் தறி.”

தணிகாசலம் மாமா எழுந்தார். “அது என் தறி. என் ஓட்டு...”

“இரு தணிகாசலம்,” என்றார் அப்பா, தணிந்த குரலில். “நெய்யறது நீதான், நான் இல்லன்னு சொல்லல. தறி யாருது?”

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. “நான் நெய்யற தறி மொதலாளி.”

“எங்க வூட்டுக் கூடத்துல இருக்குதே, அந்தத் தறி யாருதுன்னு பிள்ளையாரு முன்னாடி நீயே சொல்லிடு. நீ இன்னா சொல்றியோ அதுதான்.”

மாமா பொய் சொல்லத் தெரியாதவர். சுற்றிலும் பார்த்தார். “என் தறி” என்று சற்று முன் கத்தியவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தன் தறி எந்த வீட்டுக் கூடத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

“உங்களுதுதான் மொதலாளி,” என்றார்.

உட்கார்ந்தபோது முழங்கை தூணில் உரசியது. கோலமாவு தூணில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

அதற்குப் பிறகு நேரம் ஆகவில்லை. எங்கள் வீட்டுத் தறிகள், எதிர் வீட்டுத் தறிகள், மூலை வீட்டுத் தறிகள் என்று ராமலிங்கம் தாத்தா கூப்பிட்டுக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தி, “போதும்பா, பாதியைத் தாண்டிடுச்சு. மீதியைக் கூப்பிட்டு இன்னா ஆவப்போவுது?” என்றார். சொந்தமாக ஒற்றைத் தறி வைத்திருந்த சிலருடைய முறைகூட வரவில்லை. தறியே இல்லாதவர்களைக் கூப்பிட எங்கள் தெருவில் கடைசிக் கட்டம்கூட இல்லை. ரோமாபுரியில் அதுவாவது இருந்தது.

வீட்டுக்கு வந்து பின்கட்டில் இருந்த கட்டங்களை ஈரத்துணியால் துடைத்தேன். சாக்குக் கோடு போய்விட்டது. தரை காய்ந்ததும் மங்கலாகத் திரும்பத் தெரிந்தது. அம்மா பார்த்துவிட்டு, “இன்னாடி, ஜெயிச்ச வூட்டுல மூஞ்சியை இப்படி வச்சுக்கினு இருக்க?” என்றாள். அன்று பாயசம் வைத்திருந்தாள். நான் குடித்தேன். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலையில் மாமாவும் அம்சாவும் வழக்கம்போல் வேலைக்கு வந்தார்கள். வராமல் எங்கே போவார்கள்? புடவை பாதியில் இருந்தது. மாமா தறிக்குழியில் இறங்கினார். அம்சா ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவைக் கையில் எடுத்தாள். நான் தார்க் கூடையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வர வேண்டியிருந்தது. கதவோரமாகவே நின்றேன். தறிச் சத்தம் எப்போதும்போல் கேட்டது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அப்பா காபி டம்ளரோடு வந்தார். நல்ல மனசோடுதான் வந்தார். அதைச் சொல்லியாக வேண்டும்.

“தணிகாசலம், எதையும் மனசுல வச்சுக்காதே. வர்ற தறியில நல்லதா ஒண்ணை இந்தக் கூடத்துலயே போடறேன். நீயே உக்காரு. உன் தறிதான் அது.”

மாமா நாடாவைத் தள்ளினார். அம்சா கரை நாடாவைத் தள்ளினாள்.

“அந்த யோசனை என்னுதில்லப்பா,” என்று அப்பா தொடர்ந்தார். சமாதானம் சொல்கிறவர் மாதிரியும் இருந்தது, பெருமைப்படுகிறவர் மாதிரியும் இருந்தது. “எல்லாம் எங்க லோகா மூளை. ரோமாபுரியில அப்படித்தானாம். கொட்டையை வச்சு எனக்குப் பாடமே எடுத்துட்டா. இங்க வாமா. அப்புறம் அந்த ஊருக்கு இன்னா ஆச்சு? மாமாவுக்கும் கேக்கட்டும், சொல்லு.”

பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா கேட்டால் எழுந்து நிற்பதுபோல் நான் கூடத்தின் நடுவில் நின்றேன். மாமா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

“அப்படியாமா?” என்றார்.

கூடை என் இடுப்பில் கனத்தது. அம்சா இப்போதுதான் என்னைப் பார்த்தாள். அவள் நாக்கின் நுனியில் ‘நாடா நிக்கட்டும்’ என்ற அந்த வார்த்தை இருக்கும் என்று நினைத்தேன். அதைச் சொல்ல மாட்டாளா என்றுகூட இருந்தது. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ.

அவள் கரை நாடாவைத் துணியின்மேல் வைத்தாள். தாவணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

“அம்சா, கரை நிக்குது பாரு,” என்றார் மாமா.

அவர் நாடாவைக் கையில் தூக்கியபடி இருந்தார். ஓரத்தில் ஆள் இல்லாமல் அதைத் தள்ள முடியாது. அப்பா டம்ளரைப் பிடித்தபடி, “இன்னாமா, எங்க கெளம்பிட்ட?” என்றார். தறிச் சத்தம் இல்லாத கூடத்தில் அவர் குரல் பெரிதாகக் கேட்டது.

அம்சா அவரைத் தாண்டினாள். கூடையோடு நின்ற என்னைத் தாண்டினாள். அவள் தாவணி முனை என் கையில் பட்டது. வாசற்படியில் செருப்பு இல்லாத கால்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து இறங்கி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் தெருவில் போய்விட்டாள்.